வனஜா மறைத்து வைத்த பச்சை

கமர்ஷியல் தெருப் பக்கம் ஒரு நகைக்கடையில் பதினோரு வருடமாகக் கல் வைத்த நகைகளை விற்கிறாள் வனஜா. தங்கவயல்காரி. விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வந்து போகிறவள். அவள் தேர்ந்து கொடுத்த நகைகள் எத்தனையோ கல்யாண வீடுகளுக்குப் போயிருக்கின்றன. அவள் விரல் மட்டும் நாற்பத்து மூன்று வயதிலும் வெறும் விரல்தான். வேலை செய்கிறவர்கள் கடை நகையைப் போட்டுப் பார்க்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம்.

இரண்டு வருடமாக அவளுக்கு ஒரே ஆசை, துவரம்பருப்பளவு மரகதம் பதித்த ஒரு மோதிரத்தின் மேல். காதல் என்றே சொல்லலாம், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? யாராவது பச்சை கேட்டால் அதைக் கெம்புத் தட்டுக்கு அடியில் தள்ளிவிடுவாள். மீறிக் கண்ணில் பட்டுவிட்டால் அதன் குறைகளை ஒன்றுவிடாமல் சொல்வாள். வந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு போய்விடுவார்கள். தை மாதம் அவள் கட்டும் சீட்டு முடிந்து பணம் கைக்கு வரும். அதுவரை தாக்குப்பிடித்தால் மோதிரம் அவளுக்குத்தான்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை க்ளென் என்பவர் வந்தார். தட்டுத் தட்டாகப் பார்த்துவிட்டு அந்த மரகத மோதிரத்தின் மேலேயே விரலை வைத்தார்.

“அது வேணாம் சார். உள்ள பாருங்க, பாசி மாதிரி கோடு கோடா இருக்கு,” என்று லென்ஸை நீட்டினாள் வனஜா. “எண்ணெய் ஏத்திதான் கோட்ட மறைச்சிருக்காங்க. சுடுதண்ணில போட்டா போச்சு. பூந்திக்கொட்டைல ஊறவெச்சு தேய்க்கிறதெல்லாம் ஆகாது. ஈரத்துணில தொடைக்கலாம், அவ்ளோதான்.”

அவர் லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

“முன்ன ஒரு கடைல ஒரு கோடுகூட இல்லாத பச்சை குடுத்தாங்க சிஸ்டர். டெஸ்ட் பண்ணா கண்ணாடி! குறைய வாயத் தொறந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான். இதுக்கு சர்டிஃபிகேட் இருக்கா?”

இருந்தது. இல்லையென்று சொல்ல நாக்கு வரவில்லை. தவளை தன் வாயால் கெட்டது.

“என் வைஃப் லவினாவுக்கும் உங்க கை சைஸ்தான். கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்.”

வனஜா முதலாளியைப் பார்த்தாள். வியாபாரம் படியும் நேரம், அவர் தலையசைத்தார்.

மோதிரம் அழுத்தாமல், நழுவாமல் போய் உட்கார்ந்தது. விளக்குக்குக் கீழே கையைத் திருப்பினாள். இப்படியே எழுந்து தெருவில் இறங்கி நடந்துவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

“சூப்பர் சிஸ்டர். உங்க கைக்கே செஞ்ச மாதிரி இருக்கு. பேக் பண்ணிடுங்க.”

வனஜா இன்னொரு முறை கையைத் திருப்பிப் பார்த்தாள். கழற்ற மனமில்லை. கழற்றினாள். பெட்டியில் வைத்தபோது மோதிரத்தில் அவள் விரலின் சூடு இருந்தது.