போயிட்டு வாரேன்னு சொல்லு

சண்முகவடிவு ஓடுவதைப் பார்த்தால் ஓடுகிறாள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பால் பொங்கிவிட்டதோ என்று அடுப்படிக்கு விரைகிறவளின் நடை. அந்த நடையை நம்பித்தான் ஐம்பத்து மூன்று வயதில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். சுடிதாரும் ஷூவுமாக அவள் பூங்காவைச் சுற்றத் தொடங்கியதும் கே.கே. நகரில் அவள் தெருவுக்கே வேலை கிடைத்துவிட்டது. "சுகர் ஏறிடுச்சாக்கா?" என்று கேட்டார்கள். மகனைப் பறிகொடுத்தவள் ஏன் ஓடுகிறாள் என்று கேட்க மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. ஊர் வாய்க்கு அந்த அளவுக்காவது கூச்சம் இருந்தது.

கணவர் அய்யாதுரைக்குத் தி. நகரில் ரவிக்கைத் துணிக் கடை. சேலை முந்தானையைக் காட்டினால் போதும், பொருத்தமான துணியை உருவிப் போட்டுவிடுவார். தென்காசிப் பக்கத்திலிருந்து ரயிலேறி முப்பது வருஷம் ஆகிவிட்டது; பேச்சு மட்டும் இன்னும் ரயிலேறவில்லை. ஒரே மகன் ஆனந்தகுமார் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். எதிலும் அவசரம், பறக்காவெட்டி. வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே "போறேன்மா" என்பான். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வரும்.

"எலேய், போறேன்னு சொல்லாத. போயிட்டு வாரேன்னு சொல்லு."

அவன் வாசலிலிருந்து திரும்பி வந்து, "போயிட்டு வாரேன். போயிட்டு வாரேன், போதுமா?" என்று சொல்லிவிட்டுப் போவான். தினமும் நடக்கிற கூத்து.

ஒரு நாள் அது நடக்கவில்லை. பெண் பார்க்க வரமாட்டேன் என்று முந்தின இரவு அவன் பிடித்த பிடிவாதத்தில் அப்பாவுக்குக் கோபம். "போறேன்" என்றான். அய்யாதுரை பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. துரைப்பாக்கம் திருப்பத்தில் தண்ணீர் லாரி. அவ்வளவுதான், ஒரு பிள்ளையின் ஆயுசு.

அதற்குப் பிறகு அய்யாதுரை கடைக்குக் கிளம்பும்போது ஒன்றும் சொல்வதில்லை. அவள் எங்காவது கிளம்பினால் எங்கே என்று கேட்பதுமில்லை. மகன் பெயர் அந்த வீட்டில் புழங்குவது நின்றுபோயிற்று. அவர் நெஞ்சில் எது முள்ளாகக் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தொட்டால் மனிதர் உடைந்துவிடுவார் என்று அவளும் தொடவில்லை. ஒரு கூரைக்குக் கீழே இரண்டு பேரும் தனித்தனியாக அழுதார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். இழவு வீட்டில் 'வருகிறேன்' என்று சொல்லக்கூடாது. இன்னொரு இழவுக்கு வருவதாக ஆகிவிடும். நல்ல வழக்கம்தான். ஆனால் காரியம் முடிந்தபின் யாரும் உண்மையிலேயே வரவில்லை. வந்தவள் மயிலாப்பூர் சாருலதா ஒருத்திதான். தன் பெண்ணைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். பிள்ளைகளை இழந்தவர்களோடு போய் உட்கார்ந்திருக்கிற சின்ன அமைப்பு ஒன்றை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடி அறையில் நடத்திவந்தாள். முதல் நாள் வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தபோது, "வியாழக்கிழமை வரேன்" என்றாள்.

நாத்தனார் பதறிப்போனாள். "சாவு வீட்டுல அப்படிச் சொல்லக்கூடாதும்மா!"

"தெரியும்மா. எங்காத்துல சொல்லிக்காம போனவா யாருமே திரும்பி வரலை. அதான் நான் சொல்லிண்டு போறேன்."

வியாழக்கிழமை வந்தாள். அடுத்த வியாழனும் வந்தாள். மூன்றாம் வாரம் சண்முகவடிவு முதல் தடவையாக ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அந்த அமைப்புக்கு நிதி திரட்டத்தான் இந்த ஓட்டம். சண்முகவடிவு தி. நகரில் கடை கடையாக ஏறி இறங்கினாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் சேதி அய்யாதுரையின் காதுக்குப் போயிற்று. ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"செத்த புள்ள பேரைச் சொல்லித் துட்டு வாங்குதியோ? நான் கடைத்தெருவுல தலை காட்ட வேண்டாமா?"

"நான் பேரையாவது சொல்லுதேன். நீங்க சொல்லுதியளா?"

அத்தோடு சரி. அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். காலையில் சாருலதாவின் கார் வாசலில் வந்து நின்றபோதும் அறைக் கதவு திறக்கவில்லை. சண்முகவடிவுக்குக் கோபம் ஆறவில்லை. மூடிய கதவைப் பார்த்து, "நான் போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

பெசன்ட் நகரில் கிளம்பி மெரினா போய்த் திரும்புகிற பாதை. இளவட்டங்கள் அவளைத் தாண்டிப் பறந்தார்கள். சாந்தோம் வரைக்கும் கால் ஓடவில்லை, கோபம்தான் ஓடியது. மெரினாவில் திரும்புகிற இடத்தில் தண்ணீர் வாங்கி வாயில் வைத்தபோதுதான் தான் சொன்ன சொல் உறைத்தது. அந்த மனிதர் எந்தச் சொல்லைச் சுமந்து செத்துக்கொண்டிருக்கிறாரோ, அதையே அவர் தலைமாட்டில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டாள். தண்ணீர் கொடுத்த பெண்ணிடம் போனை வாங்கி அவருக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் நிஜமாக ஓடினாள்.

அடையாறு பாலத்தில் வெயில் ஏறியிருந்தது. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருவர், ஓடுகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். இரவு கட்டிய கைலி, மேலே பனியன், கையில் போன்கூட இல்லை. சலவை மடிப்புக் கலைந்தால் தெருமுனைக்குக்கூட வராத அய்யாதுரை. பின்னால் ஆட்டோ ஒன்று காத்திருந்தது.

அவள் நின்றாள்.

"ஏளா, என்ன சொல்லிட்டு வந்த?" ஓடியது அவள், மூச்சு வாங்கியது அவருக்கு. "போறேன்னு சொல்லாதன்னு எத்தனை தடவை…" கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நான் சொல்லலியே வடிவு. அவன் உடனே போகல. வாசல்ல கொஞ்ச நேரம் நின்னான். நான் கூப்பிடுவேன்னுதான் நின்னான். ஆனந்துன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே."

அவன் நின்றது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். இத்தனை காலம் அதைத் தனியாக வைத்துக்கொண்டு வெந்திருக்கிறார். நடு ரோட்டில், நாலு பேர் பார்க்க, அய்யாதுரை வாய்விட்டு அழுதார். கம்பிக்கு மேலாக அவர் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஓடுகிறவர்கள் விலகி ஓடினார்கள்.

"ஓட்டம் கெடக்கட்டும். வீட்டுக்குப் போவோம், வாங்க."

அவர் தலையை ஆட்டினார். "வேண்டாம். அவனுக்காகத்தானே ஓடுத. முடிச்சிட்டு வா. மொதல்ல சொல்லு. ஒழுங்காச் சொல்லு."

சண்முகவடிவு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகன் சொல்வதைப் போலவே சொன்னாள்.

"போயிட்டு வாரேன். போயிட்டு வாரேன், போதுமா?"

"ம். வா," என்றார் அய்யாதுரை.