குழாய் மேல் டப்பா

இரண்டு வருஷமாக மழை இல்லை. உத்திரமேரூர் ஏரிக்குள் மாடுகள் மேய்ந்தன. அப்துல் கனி தன் நெல் மில்லில் நாலு பேரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். இன்ஜின் டிரைவர் சாமுவேலை மட்டும் வைத்துக்கொண்டார்.

"சும்மா வுட்டா இன்ஜின் துரு ஏறி இறுகிப் புடிச்சுக்கும். காலையில அரை மணி வெறுமனே ஓட்டு" என்றார் அவனிடம்.

புகைக்குழாயின் உச்சியில் ஒரு தகர டப்பா கட்டியிருந்தது. இன்ஜின் ஓடினால் அது குக் குக் என்று கூவும். மில் ஓடுவது நாலு மைலுக்குத் தெரியும்.

முதல் நாள் சத்தம் கேட்டு, நிறுத்தப்பட்டவர்களில் ஒருத்தியான, புடைக்கும் வேலை பார்த்த சிட்டம்மாள் முறத்தோடு ஓடிவந்தாள். பின்னாலேயே வேதகிரி. பதினோரு வருஷம் சாமுவேலோடு நின்று நெல் கொட்டியவன். காலித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"இன்னாத்தடா அரைக்கிற? காத்தையா?"

"முதலாளி ஓட்டச் சொன்னாரு."

"ஓட்டு ஓட்டு. ஒனக்கு வேலை கீது, ஓட்டு."

அதற்கப்புறம் டீக்கடையில் சாமுவேல் உட்கார்ந்தால் வேதகிரி எழுந்துகொண்டான். சாமுவேல் கடைக்குப் போவதை விட்டான்.

சிட்டம்மாள் மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

"நெல்லு வந்தா நானே சொல்லியனுப்பறேன். வராதம்மா."

"தெரியுதுண்ணா. சத்தம் கேட்டா காலு நிக்க மாட்டேங்குது."

ஐந்தாம் நாள் சாமுவேல் ஏணி போட்டு டப்பாவைக் கழற்றினான். சத்தம் தெருமுனையைத் தாண்டவில்லை.

"டப்பா எங்கடா? மில்ல மூடிட்டோம்னு நெனச்சுக்குவாங்க" என்றார் கனி.

"யாரும் ஏமாந்து வர வேணாம் பாய்."

யாரும் வரவில்லை. தினமும் அரை மணி ஓட்டினான். மீதி நேரம் உமி மேட்டருகே உட்கார்ந்திருந்தான்.

தை மாதம் கிணற்றுப் பாசனக்காரர் ஒருவர் ஆறு மூட்டை நெல் கொண்டுவந்தார். சாமுவேல் முதலில் டப்பாவைக் கட்டினான். வாசலைப் பார்த்துக்கொண்டே நெல்லைக் கொட்டினான். மூன்று மூட்டை முடிந்தும் ஒருவரும் வரவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போனான்.

"வேதகிரியா? பல்லாவரத்துல கல்லு ஒடைக்கப் பூட்டானே" என்றார் கடைக்கார ஐசக். "சிட்டம்மா குடும்பமும் கூடவே பூட்ச்சு. சத்தமே இல்ல, மில்லு அவ்ளோதான்னு கார்த்திகையிலியே கெளம்பிட்டாங்க. ஒனக்குத் தெரியாது?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பினான். மீதி மூட்டைகளை அரைத்தான்.

"நெல்லு தீந்துடுச்சேடா, நிறுத்து" என்றார் கனி.

"கொஞ்சம் ஓடட்டும் பாய்."

டப்பா கூவிக்கொண்டிருந்தது. கனி வாசல்வரை போய்ச் சற்று நேரம் தெருவைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து கையைக் காட்டினார். சாமுவேல் நிறுத்தினான்.