ஆவணிக் கடைசி முகூர்த்தம்

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். மணப்பெண் என் தங்கை மகள் தேன்மொழி. அந்தத் தேதியைப் பிடிக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே...

தேன்மொழி டூரிஸ்ட் கைடு. அண்ணாமலை நகரில் சரித்திரம் படித்துவிட்டு, புதுச்சேரியில் பிரெஞ்சும் கற்றவள். சிதம்பரம் கோயிலுக்கு வரும் பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர்கள் மொழியிலேயே விளக்குவாள். மாப்பிள்ளை சரவணன், பண்ருட்டியில் அப்பாவோடு பலாப்பழ மண்டி நடத்துகிறவர். இருவருக்கும் பிடித்துவிட்டது. அப்புறம் என்ன பிரச்சினை?

தேதிதான்!

போன ஐப்பசியில் பேச வந்தார்கள். "தை மாசமே முடிச்சிடலாம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"தையில முடியாதுங்க அத்தை" என்றாள் தேன்மொழி.

அந்த அம்மாவின் முகம் மாறியது. "பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா நேராவே சொல்லிடுங்க" என்று எழுந்துவிட்டார். என் தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

தேன்மொழி உள்ளே ஓடி ஒரு நோட்டை எடுத்து வந்தாள். "மாமா, நீங்களே பாருங்க" என்று என்னிடம் நீட்டினாள்.

எந்த மாதம் யார் யார் வந்தார்கள், எந்த நாடு... எல்லாம் எழுதி வைத்திருந்தாள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை எல்லாப் பக்கங்களிலும் மார்ஜின் வரை எழுத்து. மே மாதத்தில் ஒரே ஒரு தம்பதி. கீழே ஒரு குறிப்பு: 'வெயில் தாங்கல. பாதியில கிளம்பிட்டாங்க.'

"அப்ப சித்திரை, வைகாசி?" என்றேன், பெரிய மனுஷனாக.

மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார். "நல்லா சொன்னீங்க! பலா வரத்தே அப்பதான் ஜாஸ்தி, ஆனி முடியற வரைக்கும். மாப்பிள்ளைய லாரி மேலதான் தேடணும்."

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆகஸ்ட்? "பிரான்ஸ்ல லீவு விடுவாங்க. கூட்டம் கூட்டமா வருவாங்க. செப்டம்பர்ல ஸ்கூல் தெறந்ததும் போயிடுவாங்க" என்றாள். ஆக, மிஞ்சியது ஆவணியின் கடைசி!

"பத்து மாசம் காத்திருக்கணுமா?" அந்த அம்மா இன்னும் உட்காரவில்லை. "கல்யாணத்துக்கு அப்புறமும் இந்த வேலைக்குத்தான் போவியா?"

"போவேங்க அத்தை."

கூட வந்திருந்த சரவணன் குறுக்கே பேசினார். "என்னை மண்டிய விடச் சொன்னா நான் விடுவனாம்மா? அதுமாதிரிதான் இதுவும். நான் காத்திருக்கேன்."

அந்த அம்மா உட்கார்ந்தார். எனக்கு மூச்சு வந்தது.

நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் கூடினார்களா, குறைந்தார்களா என்று மாதாமாதம் பேப்பரில் போடுகிறார்கள். நான் ஒருநாளும் படித்ததில்லை. அந்த ஏற்ற இறக்கத்தில் எத்தனை வீட்டுக் காரியங்கள் தள்ளிப்போகின்றனவோ... யார் கண்டது?

கல்யாணத்துக்கு மறுநாள் பண்ருட்டிச் சொந்தங்கள் மொத்தமும் கோயிலுக்குக் கிளம்பின. வாசலில் மாமியார் நின்றுவிட்டார். "வெள்ளக்காரங்களுக்குச் சொல்றியே... அத எங்களுக்கும் சொல்லேன், தமிழ்ல."

சொன்னாள். கோபுர வாசலில் நடனச் சிற்பம் ஒவ்வொன்றாகக் காட்டினாள். மாமியார் கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்தார். எத்தனையோ தடவை வந்த கோயில்தான், இதையெல்லாம் பார்த்ததே இல்லையாம்.

வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தை மாசம் சமையல நான் பாத்துக்கறேண்ணே. அவ வேலைக்குப் போவட்டும்."

சரவணனுக்குச் சமைக்கத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு மறுநாளே எல்லாவற்றையும் கேட்டுவிடக் கூடாது!