புழுவுக்கு விட்ட வீடு

மைசூருக்கும் நஞ்சன்கூட்டுக்கும் நடுவில் பட்டுப்புழு வளர்க்கிற சிற்றூர் ஒன்றுக்கு, ராமாபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் நாச்சம்மாள். எடுப்பான குரல். தெருவில் நின்று பேசினால் வாய்க்கால் வரை கேட்கும்.

மழை விட்டதும் அந்த ஊரில் குளிர்ஜுரம் பரவும். வீட்டுக்கு இரண்டு பேராவது கம்பளிக்குள் நடுங்கிக் கிடப்பார்கள். மல்பெரித் தழை பறிக்க ஆளில்லாமல் புழுக்களும் பட்டினியில் சாகும். அவள் கணவன் மாரிசாமிக்கு மண்ணீரல் வீங்கி, நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் மைசூரிலிருந்து சம்பத்குமார் என்ற மலேரியா மேற்பார்வையாளர் டி.டி.டி. மருந்தோடும் ஆட்களோடும் வந்தார். நாச்சம்மாள் வாசலை மறித்தாள்.

"செவுத்துல மருந்தடிச்சா கொசு சாகும், சரிங்க. எம்புழு?"

"அதுவும் சாகும்மா. பொய் சொல்லமாட்டேன்."

அந்தப் பதிலில் அவள் கோபம் இறங்கியது. "அப்ப என்னதானுங்க பண்றது?"

"பக்கத்து ஊர்ல புழு இருக்கிற வீட்டையெல்லாம் விட்டுட்டு அடிச்சோம். ஜுரம் குறையலை. மனுஷா தூங்கற இடத்துல மருந்து இருந்தே ஆகணும்."

"யாருமே தூங்காத வீடுன்னா?"

சம்பத்குமார் நிமிர்ந்து பார்த்தார். "அதை விட்டுடலாம்."

"அப்ப எங்க வீட்டைப் புழுவுக்கு உட்டர்றேன். தெருப்புழு பூராவும் இங்க வரட்டும். நாங்க கொழுந்தனார் வீட்ல படுத்துக்கறோம்."

"மருந்து பட்ட கையோட தழையைத் தொடக்கூடாது. குளிச்சு, வேற சேலை கட்டிண்டுதான் உள்ளே போகணும்" என்றார் அவர்.

எதிர்வீட்டு பசம்மா ஒப்பவில்லை. "ஒருத்தர் புழுவுக்கு நோய் வந்தா எல்லாமே போயிடுமே!" அது நியாயமான பயம்தான். நாச்சம்மாள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மூலை ஒதுக்கி, நடுவில் சாக்குத் திரை கட்டினாள். அப்படியும் நாலு வீட்டார்தான் முதலில் வந்தார்கள்.

மருந்தடித்த வீடுகளில் முதலில் செத்தது மூட்டைப்பூச்சி. சேதி பரவியதும் பசம்மா தன் வீட்டுக்கும் மருந்தடிக்கச் சொல்லிவிட்டு, புழு வளர்க்கும் மூங்கில் தட்டுகளைத் தலையில் சுமந்து வந்துவிட்டாள். "அக்கா, என் மூலை எது?"

அந்த வருஷம் மழை விட்டும் யாரும் கம்பளி தேடவில்லை. வேளாவேளைக்குத் தழை விழுந்தது. புழுக்கள் கொழுத்துக் கூடு கட்டின. பட்டுக்கூட்டு மூட்டைகள் வண்டி வண்டியாக மைசூருக்குப் போயின.

அதன்பின் மருந்து ஜீப் போன ஊருக்கெல்லாம் நாச்சம்மாளும் போனாள். "உங்க புழுவைக் காப்பாத்த வழி இருக்குதுங்க" என்று அவள் குரல் கொடுத்தால் பெண்கள் கதவைத் திறந்தார்கள்.

அடுத்த நஞ்சன்கூடு தேருக்கு ஊரே போயிற்று. கூட்டத்துக்குள் புகுந்து மாரிசாமி வடம் பிடித்தான். தேர் அசைந்தது.

"இழுங்க மாமா, இழுங்க!" என்று நாச்சம்மாள் போட்ட கூச்சலில் மேளச் சத்தமே கேட்கவில்லை.