உட்கார்ந்தேன் என்று எழுதிய நோட்டு

என் இடது கண்ணில் மூக்குப் பக்கத்து ஓரம் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியாது. நகரியில் நான் தறி ஓட்டும் ஷெட்டில் ஒருநாள் வலது கண்ணில் பஞ்சு விழுந்தது. அதைக் கசக்கிக்கொண்டே இடது கண்ணால் மட்டும் தறியைப் பார்த்தேன். ஊடை நூலை இழுத்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடுகிற நாடா வலப்பக்கம் போனது, பாதியில் காணாமல் போனது, அப்புறம் எங்கிருந்தோ திரும்பி வந்தது. தறிதான் கெட்டுவிட்டது என்று ஓட்டத்தை நிறுத்தினேன். தறி நன்றாகத்தான் இருந்தது.

நான் சும்மாவே பயப்படுகிறவள். போன் அடித்தாலும் பயம், ரெண்டு நாள் அடிக்காவிட்டாலும் பயம். "ஊர்ல கவலைக்குப் பஞ்சம் வந்தா நம்ம வீட்ல வந்து கடன் வாங்கிக்கினு போவாங்க" என்பார் என் வீட்டுக்காரர். அப்படிப்பட்டவளிடம் திருப்பதி டாக்டர் சொன்னது கிளாக்கோமா. கண்ணுக்குள் நீரின் அழுத்தம் தாங்காமல் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப் போகிற நோய். வலியே இருக்காதாம். "போனது திரும்ப வராதும்மா. இருக்கறத காப்பாத்தலாம்" என்றார். அன்றிலிருந்து எனக்கு இந்த உலகத்தில் ஒரே வேண்டுதல்தான். இருக்கிறது இருக்கட்டும்.

ராத்திரி ஒரு சொட்டு மருந்து. ரெண்டு வருஷத்தில் ஒருநாள்கூட விட்டதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருப்பதி போய் அழுத்தம் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பட்டன் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, சின்னச் சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். அதில் மட்டும் இடது கண்ணின் கருப்பு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிகமாகிக்கொண்டே வந்தது. அழுத்தம் நல்லா இருக்கும்போது ஏன் இப்படி என்று டாக்டருக்கும் புரியவில்லை.

"நாங்க பாக்கறது நீங்க இங்க வர்ற அந்த அஞ்சு நிமிஷத்து அழுத்தம். மீதி நேரத்துல அது இன்னா பண்ணுதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அதற்காக ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. காண்டாக்ட் லென்ஸ் போல ஒன்றைக் கண்ணில் வைப்பார்கள். அதற்குள் முடியை விட மெல்லிசான கம்பி வளையம் இருக்கிறது. கண்ணின் அழுத்தம் ஏறி இறங்குவதை ஒரு பகலும் ஒரு இரவும் விடாமல் குறித்துக்கொண்டே இருக்கும். சேருகிறீர்களா என்று கேட்டார்.

ஆராய்ச்சியைப் பார்த்துக்கொண்ட பெண் தெலுங்குக்காரி. தமிழும் நன்றாக வரும், பாதி வாக்கியத்தில் தெலுங்குக்குத் தாவிவிடும். நான் கண்ணாடிகூடப் போட்டதில்லை. லென்ஸைப் பார்த்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

"மேடம், இது கண்ணுக்குப் பின்னால போயிட்டா?"

"பின்னால போறதுக்கு தாரியே லேதம்மா. வழியே கெடையாது."

"தூங்கறப்போ போயிட்டா?"

"நீங்க தூங்கினாலும் வழி தெறக்காதும்மா."

சிரிக்காமல்தான் சொன்னது. லென்ஸை வைத்து, கண்ணைச் சுற்றி ஒரு பிளாஸ்திரி ஒட்டி, அதிலிருந்து ஒயரை இறக்கி ஒரு சின்னப் பெட்டியோடு சேர்த்து, பெட்டியை என் கழுத்தில் மாட்டியது. ஒரு சின்ன நோட்டையும் கொடுத்தது. எந்த நேரத்தில் என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். "வீட்டுக்குப் போயி வழக்கம்போல இருங்க. நாளைக்கு வாங்க."

வழக்கம்போல இருங்க என்பதுதான் என் காதில் ஏறவில்லை. டெஸ்ட் என்ற வார்த்தை ஏறியிருந்தது. நான் ஏழாம் வகுப்புப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பள்ளிக்கூடத்தை விட்டவள். அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை. அதனாலோ என்னவோ, இன்றைக்கும் யாராவது டெஸ்ட் என்றால் பாஸாக வேண்டும் என்றுதான் தோன்றும். எங்கள் ஷெட்டிலும் அதுதானே பழக்கம். துணி பார்க்க வியாபாரியின் ஆள் வருகிறான் என்றால் நல்ல பக்கத்தை மேலே வைத்து மடிப்போம். இழை அறுந்த தறியை நிறுத்திவிட்டு, ஒழுங்காக ஓடுகிற தறி பக்கம் அவனைக் கூட்டிப்போவோம். சோதிக்க வருகிறவனுக்குக் கெட்டதைக் காட்டுகிற ஆளை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போனால் பஸ் குலுக்கலில் லென்ஸ் விழுந்துவிடும் என்று பயந்து, திருப்பதியிலேயே அலிபிரி பக்கம் இருக்கிற என் நாத்தனார் வீட்டில் தங்கிவிட்டேன். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. குனியவில்லை, தண்ணீரைக்கூட மடக்கு மடக்காகத்தான் குடித்தேன். தும்மல் வந்தபோது மூக்கைப் பிடித்து அடக்கினேன்.

"இன்னாடி, கொலுவுல வெச்ச பொம்ம மாதிரி உக்காந்துகினு கீற? வந்து துன்னு" என்றாள் நாத்தனார்.

"இங்கயே குடுங்க அண்ணி. அசையக் கூடாது."

"அசையக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"சொல்லல. ஆனா நல்லதுதானே."

மறுநாள் லென்ஸை எடுத்தார்கள். அடுத்த வாரம் என் வீட்டுக்காரரோடு போனேன். கம்ப்யூட்டரில் என் கண்ணின் கோடு தறியில் கட்டின நூல் மாதிரி நேராக ஓடியது. பாஸ் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். டாக்டர் முகத்தில் அது இல்லை. அழுத்தம் நாள் முழுக்க ஒழுங்காக இருந்தும் நரம்பு போகிறதென்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், அப்புறம் ஆபரேஷன் பற்றி யோசிக்க வேண்டும் என்றார்.

அப்போதுதான் அந்தப் பெண் என் நோட்டைப் பிரித்தது. படித்துக்கொண்டே வந்து நிமிர்ந்தது.

"அம்மா, ஆறு மணி, உட்கார்ந்தேன். ஏழு மணி, உட்கார்ந்தேன். எட்டு மணி, இட்லி. ஒன்பது மணி, உட்கார்ந்தேன். மீ இன்ட்லோ கூட இட்லேனா? உங்க வீட்லயும் இப்படித்தானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "எங்க வீட்லயா? கல்யாணம் ஆனதுல இருந்து இவ உக்காந்து நான் பாத்ததே இல்ல மேடம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "வீட்ல காலையில எழுந்ததும் இன்னா பண்ணுவீங்க?"

சொன்னேன். எழுந்ததும் பெரிய செம்பு நிறையத் தண்ணீர், நின்றபடியே, ஒரே மூச்சில். அப்புறம் இன்னொரு செம்பு. என் அண்ணன் சிறுநீரகக் கல்லால் தரையில் புரண்டு துடித்ததைப் பார்த்ததிலிருந்து அந்தப் பழக்கம். அது முடிந்ததும் ஷெட். இழை அறுந்தால் தறிக்கு அடியில் தலையைக் கவிழ்த்துக் கண்ணைக் கிட்டத்தில் வைத்துத் தேடி முடிச்சுப் போட வேண்டும். காலையில் புதுப் பாவின் நெடுக்கு நூல்களைப் பழசோடு பிணைக்க வேண்டியிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தலை கீழேயேதான் இருக்கும்.

"இது எதையுமே அன்னைக்குப் பண்ணலியா?"

"இல்ல சார். டெஸ்ட்டாச்சே."

இப்படிச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர்களுடைய ஒரு லென்ஸைப் பாழாக்கிவிட்டேன், என் கண்ணையும் நானே ஏமாற்றிவிட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு லென்ஸ்தான் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அந்தப் பெண் நாற்காலியை இழுத்து என் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

"தப்பு எங்களுதும்மா. வழக்கம்போல இருங்கன்னா போதுமா? வழக்கம் இன்னான்னு முதல்லயே கேட்டிருக்கணும். நான் மேல கேட்டு இன்னொரு லென்ஸ் வாங்கறேன்."

யார் யாரிடம் கேட்டதோ, எத்தனை தடவை கேட்டதோ எனக்குத் தெரியாது. மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது, வாங்கம்மா என்று. இத்தனை வயதில் என் தப்பைத் தன் தப்பு என்று எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அந்தப் பெண்தான்.

இந்த முறை பஸ்ஸில் ஊருக்கே வந்தேன், பிளாஸ்திரியும் ஒயரும் பெட்டியுமாக. புத்தூரில் ஏறின ஒரு அம்மா என் கண்ணைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரரை முறைத்தாள். "யாரு அடிச்சது?" என்றாள். "நான் இல்லமா, ஆராய்ச்சி!" என்று அவர் பதறினதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மறுநாள் காலை ரெண்டு செம்பு தண்ணீரும் உள்ளே போனது. தறியடியில் தலையைக் கவிழ்த்தேன். ஊடை நூல் தீர்ந்ததைச் சொல்லாமல் விட்டதற்காகப் பக்கத்துத் தறிக்காரியோடு சண்டையும் போட்டேன். எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதினேன். சண்டையை நோட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்து, அதையும் எழுதினேன்.

இந்தத் தடவை கோடு நேராக இல்லை. விடிந்ததும் கிளம்பி, படி ஏறுவது போல ஏறி, ஷெட்டில் இருந்த நேரம் முழுக்க மேலேயே நின்றுவிட்டு, நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நேரத்துக்கு நல்ல பிள்ளையாகக் கீழே இறங்கியிருந்தது. "இதி சூடண்டி சார், இதப் பாருங்க" என்று அந்தப் பெண் விரலால் காட்டியது. நான் திருப்பதிக்கு வந்து சேர்கிற நேரம் எப்போதும் பதினொன்று, பன்னிரண்டு. ரெண்டு வருஷமாக அந்தக் கண் டாக்டருக்கு நல்ல பக்கத்தையே மடித்துக் காட்டியிருக்கிறது.

தண்ணீர் மட்டும்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. சிலருக்குக் காலையில் ஏறுவது கண்ணின் சுபாவமாம். தண்ணீரும் குனிவதும் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கலாம் என்றார். ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம். காலைக்கு இன்னொரு சொட்டு மருந்து. தண்ணீரைக் குடிக்காமல் இருக்கக் கூடாது, நாள் முழுக்கப் பிரித்து ஒவ்வொரு டம்ளராகக் குடிக்க வேண்டும். முடிச்சுப் போடும்போது நடுநடுவே தலையை நிமிர்த்த வேண்டும். அவ்வளவுதான். ஒரு பயத்துக்கு வைத்தியம் பார்க்கப் போய் இன்னொன்றுக்குத் தீனி போட்டிருக்கிறேன்.

ஷெட் முதலாளியிடம் இதைச் சொல்ல ரெண்டு நாள் பயந்தேன். சொன்னதும் அவர் பிணைக்கிற வேலைக்கு ஒரு மணைக்கட்டை கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்து செய்தால் தலை அவ்வளவு கீழே போகாது. இதற்கா ரெண்டு நாள் தூங்கவில்லை என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

போன மாதம் மறுபடியும் பட்டன் டெஸ்ட். முடிவுக்காக வெளியே பெஞ்சில் இருந்தேன். பக்கத்தில் நாகலாபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மா, கண்ணைச் சுற்றி அதே பிளாஸ்திரி, கழுத்தில் அதே பெட்டி. மூச்சுக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தந்த காகிதம் அவள் மடியில் கிடந்தது. இப்போது புதுசாக அடித்திருக்கிறார்கள், தமிழிலும் தெலுங்கிலும். தினமும் செய்கிற வேலையை அன்றும் செய்யுங்கள், எதையும் குறைக்காதீர்கள் என்று பெரிய எழுத்தில்.

"படிச்சீங்களாக்கா?" என்றேன்.

"படிச்சேன். இருந்தாலும் ஒரு நாளைக்கு அடக்கமா இருந்துட்டா நல்லதுதானே?"

"இல்லக்கா. வீட்ல யார திட்டுவீங்களோ அவங்கள இன்னைக்கும் திட்டுங்க."

"மருமவளயா?" என்று கேட்டு முதல் முறையாக முதுகைச் சாய்த்தாள்.

அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டர் பழைய காகிதத்தையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே கருப்பு, ஒரே அளவு. நான் மூன்று முறை கேட்டேன், அவரும் மூன்று முறை சொன்னார். "அப்படியே இருக்கும்மா. கூடல."

வெளியே என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "இன்னா சொன்னாரு?"

"அப்படியே கீதாம்."

"அவ்ளோதானே? அதுக்கு ஏன்மே அழுவுற? மருந்து கரைஞ்சி போயிடப் போவுது."

"காலை மருந்து உட்டு ரொம்ப நேரம் ஆச்சு. இப்ப அழுதா கரையாது" என்றேன். "டாக்டர்கிட்ட அதையும் கேட்டுட்டுத்தான் வந்தேன்."