எங்கள் வீட்டு முதல் பத்து

எங்கள் வீட்டில் அரசியல் பேசக் கூடாது என்பது எண்பத்து மூன்றில் தமிழரை அடித்த கலவரத்துக்குப் பிறகு அம்மா போட்ட சட்டம். கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் எங்கள் ஜன்னலுக்கும் றோட்டுக்கும் நடுவே ஒரு குரோட்டன் வேலி மட்டும்தான் இருந்தது. உள்ளே பேசுவது வெளியே கேட்கும், கேட்டவர்கள் தங்கள் பாட்டுக்கு ஏதாவது விளங்கிக்கொள்வார்கள் என்று அம்மா பயந்தார். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்பாவும் நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கப் பிறந்தவர்கள் இல்லை. தமிழில் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க எங்களுக்கு ஒரு விஷயம் வேண்டியிருந்தது, அதைக் கேட்டு ஒருவரும் எங்களைக் கொண்டுபோய் அடைக்கவும் கூடாது. அப்படித்தான் ஹெவிவெயிட் குத்துச்சண்டை எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் கண்டிக் கச்சேரிக்கு, அரசாங்கக் கந்தோருக்கு, வேலைக்கு வந்து, அங்கேயே பென்ஷன் எடுத்தவர். பள்ளிக்கூட நாளில் ஒரே ஒரு தடவை குத்துச்சண்டை மேடையில் ஏறியிருக்கிறார். எத்தனை நிமிஷம் நின்றீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். நான் டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டு ஹாஜியார், பாலத்தடியில் துணிக்கடை வைத்திருந்தவர். டுபாயில் இருந்த அவருடைய மச்சான் சண்டைகளைப் பதிந்து கசெட் அனுப்புவார். சண்டை நடந்து ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் அது எங்கள் கைக்கு வரும். எங்களிடம் டீவி இருந்தது, ஹாஜியாரிடம் கசெட் போடுகிற வீடியோ டெக் இருந்தது. ஞாயிறு பின்னேரங்களில் அவர் டெக்கைத் துவாயில் சுற்றி, பச்சைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு படியேறி வருவார்.

கசெட் பார்த்து முடிந்ததும் உலகத்தின் சிறந்த பத்துப் பேரை வரிசைப்படுத்துவோம். இதற்குத் தரப்படுத்தல் என்றுதான் பெயர் வைத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசலில் தடுத்து நிறுத்திய சொல் அது, அதுவும் அரசியல்தான் என்று அம்மா அதையும் தடை செய்துவிட்டார். ஆகவே வெறும் 'முதல் பத்து'. மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு வோட்டு. கண்ணால் பார்த்த சண்டைக்கு மட்டுமே மதிப்பு. றேடியோவிலோ பேப்பரிலோ முடிவு தெரியவந்தால் கசெட் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தை மீறியவருக்கு அன்று தேத்தண்ணீர் கிடையாது.

குத்துச்சண்டைக்காரர்களின் சொந்தப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. அப்பாவின் ஆளுக்குச் சீமெந்து மூட்டை என்று பெயர் வைத்தோம். அவன் நடந்து வருவான், எதிராளியின் மேல் விழுவான், இரண்டு ரவுண்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும். என்னுடைய ஆள் நெட்டையர். நீண்ட இடது கையால் எட்ட நின்றே தட்டித் தட்டி, எல்லா ரவுண்டும் ஓடி, புள்ளிக் கணக்கில் வெல்வார். நான் அவரை மட்டும் மரியாதையாக 'அவர்' என்பேன்.

"எட்ட நிண்டு தட்டுறவன் தபால்காரன். அவனைப் போய்க் குத்துச்சண்டைக்காரன் எண்டுறாய்" என்பார் அப்பா.

"விலத்தி நிண்டால் உங்கடை மூட்டை வெறும் மூட்டைதான் அப்பா. கட்டிடமே எழும்பாது."

ஹாஜியார் பெரும்பாலும் அப்பா பக்கம். அதனால் முதலாம் இடத்தில் எப்போதும் சீமெந்து மூட்டை, இரண்டாம் இடத்தில் நெட்டையர். எங்கள் சத்தம் தாங்காமல் எதிர் வீட்டுச் சிங்கள மாத்தயா ஒருநாள் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, மகளுக்கு ஏதும் பிரச்சினையா என்று விசாரித்தாராம். அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. அம்மா இந்தக் கூத்தில் சேருவதே இல்லை. இரத்தம் வருகிற விளையாட்டைப் பார்க்க மாட்டேன் என்று குசினிக்குள் நிற்பார். குசினிக் கதவை மட்டும் சாத்த மாட்டார்.

ஒரு வருஷம் கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள், நான் பள்ளிக்கூடம் போன பஸ்ஸைப் பாலத்துக்குக் கிட்ட பொலிஸார் மறித்தார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. தலைப்பிரசவத்துக்கு அம்மா தாய்வீடு போனார், அவ்வளவுதான். கைக்குழந்தையாகக் கண்டிக்கு வந்த எனக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு ஒழுங்கைகூடச் சரியாகத் தெரியாது. அதைப் பொலிஸுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? பின்னேரம் வரை ஸ்டேஷனில் ஒரு மர வாங்கில் இருத்தி வைத்தார்கள். அப்பாவும் ஹாஜியாரும் வந்து கையெழுத்து வைத்த பிறகுதான் விட்டார்கள். எனக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் கூட. பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளை அழுதுகொண்டே இருந்தாள், எனக்கு அதுவும் வரவில்லை.

அழுதது அம்மாதான். "நான் அண்டைக்கு ஊருக்குப் போகாமல் கண்டி ஆஸ்பத்திரியிலையே பெத்திருந்தால் உனக்கு இது வந்திராது பிள்ளை. என்னாலைதான்" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த மாதமே கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது.

குறை சொல்ல ஒன்றுமில்லாத மாப்பிள்ளை. அதுவே எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. நல்ல வேலை, நல்ல முகம், பொருத்தமும் சரி. எனக்குப் போக விருப்பமில்லை என்பதுதான் ஒரே சிக்கல். எனக்கு ஊர் என்று இருந்தது இந்தப் பாலமும், கீழே போகும் ஆறும், என் பள்ளிக்கூடமும், ஞாயிற்றுக்கிழமைச் சண்டையும்தான். இதைச் சொன்னால், "ஊர் உன்னை விரும்ப வேணுமே" என்று அம்மா ஒரே வசனத்தில் முடித்துவிடுவார்.

எங்கள் வீட்டில் ஃபோன் இல்லை. மாப்பிள்ளை ஹாஜியார் வீட்டுக்கு எடுப்பார். எனக்குக் குத்துச்சண்டையில் பைத்தியம் என்று யாரோ சொல்லி, அந்த மனிதர் நித்திரை முழித்து ஒரு சண்டையை டீவியில் நேரடியாகவே பார்த்திருக்கிறார்.

"உங்கடை நெட்டையர் ஆறாம் ரவுண்டோடை கதிரையிலை போய் இருந்திட்டார். மணி அடிச்சும் எழும்பேல்லை. கையாலை காட்டினார், காணும், இனி ஏலாது எண்டு."

"ஐயோ, நான் இன்னும் பார்க்கேல்லை!" என்று கத்திவிட்டேன்.

"கசெட் வர எவ்வளவு நாள் செல்லும்? இப்பவே தெரிஞ்சால் நல்லம்தானே" என்றார் அவர், உண்மையாகவே விளங்காமல்.

ஹாஜியாரின் மனைவி பக்கத்தில் நிற்காவிட்டால் ரிசீவரை அடித்து வைத்திருப்பேன். ஒருத்தியைச் சந்தோஷப்படுத்த நித்திரை முழித்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அதன் பிறகு வாரக்கணக்காக அந்த முடிவை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்பா நெட்டையரைப் பற்றிச் சீண்டும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சட்டம் சட்டம்தான்.

கசெட் வந்த ஞாயிறும், கனடாவுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஞாயிறும் ஒன்றாகவே வந்தன. ஹாஜியார் டெக்கை டீவியோடு பூட்டினார். அப்பாவும் அவரும் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்கள். முடிவு தெரிந்த எனக்குத் திரையைப் பார்க்க மனமில்லை, ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் அம்மாவைக் கண்டேன். குசினி நிலையில் சாய்ந்து, கையில் அகப்பையோடு, கண் இமைக்காமல் டீவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை வருஷமாக இப்படிப் பார்க்கிறாரோ! நெட்டையர் கதிரையில் இருந்தார். மணி அடித்தது. அவர் தலையை ஆட்டிக் கையைக் காட்டினார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு ஆறுதலை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"வெட்டு அவனை! பத்திலை இருந்தே வெட்டு!" என்று அப்பா துள்ளினார்.

"எனக்கும் ஒரு வோட்டு வேணும்" என்றார் அம்மா.

மூவரும் திரும்பிப் பார்த்தோம்.

"அவனை முதலாம் இடத்திலை போடுங்கோ. இனி ஏலாது எண்டு விளங்கின உடனை விட்டிட்டான். பல்லும் மூளையும் மிச்சம். அவன்ரை தாய் இண்டைக்கு நித்திரை கொள்ளுவாள்."

அம்மா குத்துச்சண்டையைப் பற்றிப் பேசவில்லை என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஹாஜியார் டெக்கை நிற்பாட்டினார். அப்பா சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்ரை வோட்டும் நெட்டையருக்குத்தான்" என்றார் கடைசியில், என்னைப் பார்க்காமல்.

வருஷக்கணக்காகத் தபால்காரன் என்று திட்டியவர்! நான் போவதுதான் நல்லது என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், சொல்ல வாய் வராமல் இருந்திருக்கிறார்.

"நான் சீமெந்து மூட்டைக்கு" என்றேன். என் வாழ்க்கையில் அவனுக்குப் போட்ட முதல் வோட்டு அது. "நெட்டையருக்கு ஏலாமல் போட்டுது அம்மா. எனக்கு இன்னும் ஏலும்."

எல்லோரும் ஹாஜியாரைப் பார்த்தோம். அந்த மனிதர் பாவம், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, கோவிச்சுக்க வாணாம். எனக்கும் பொம்புளப் புள்ளைகள் ஈக்கிது, உங்கட பயம் எனக்குத் தெரியும். ஆனா இந்தப் புள்ள போனா நாங்க யாரோட சண்ட புடிக்கிற? நானும் மூட்டைக்குத்தான்."

இரண்டுக்கு இரண்டு. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கச்சேரியில் மனு வாசிக்கிற குரல் அவருக்குத் திரும்ப வந்தது.

"சமமாய் முடிஞ்சால் பட்டம் வைச்சிருக்கிறவனிட்டையே பட்டம். அதுதான் உலகச் சட்டம். ஒண்டும் மாறாது."

"அப்ப கனடாவுக்கும் அதுதான் பதிலோ?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

"ஓம் அம்மா."

அடுப்பில் கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. அம்மா போகத் திரும்பியவர், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரி. ஆனா தோத்திட்டான் எண்டு அந்த நெட்டையனை ஒரேயடியாய் வெட்டிப்போடாதேங்கோ. பத்தாம் இடத்திலையாவது இருக்கட்டும். எப்பவாவது தேவைப்படுவான்."

இரண்டாம் இடத்தில் இருந்த பெயரை வெட்டி, மற்றவர்களை ஒவ்வொரு படி மேலே ஏற்றி, பத்தாம் இடத்தில் நெட்டையரை என் கையாலேயே எழுதினேன்.