மூழ்காத மிதவையும் நிற்காத காரும்

எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டரில் ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு சின்ன மிதவை உண்டு. கிண்ணம் நிறைந்ததும் மேலே எழும்பி, பெட்ரோல் வரும் வழியை அடைப்பது அதன் வேலை. அது மிதக்க மறுத்தால் பெட்ரோல் வழியும், வண்டி நிற்கும், வண்டிக்காரர் என் கடை வாசலில் வந்து நிற்பார். பழைய கார் வைத்துக்கொண்டு அவதிப்படும் அன்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டில் என் கணவர் நடத்திய பட்டறை, அவர் போன பிறகு என் தலையில் விழுந்தது. நான் தமிழ் எம்.ஏ. கண்ணீர் ஒழுகுவதைப் பற்றி ஆயிரம் பாட்டு படித்திருந்தேன், பெட்ரோல் ஒழுகுவதைப் பற்றி ஒன்றுகூட இல்லை. மெக்கானிக் பஷீர் பாய் இருந்தார். பட்டறைக்கு அவர் கை, நான் வாய்.

தக்கை

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ஓட்டல். வெளிநாட்டு விருந்தினரைச் சிற்பம் பார்க்க அழைத்துப் போக, சுதந்திரத்துக்கு முந்தைய கறுப்புக் கார் ஒன்றை வைத்திருந்தார்கள். அதன் கியரோடு பழகத் தெரிந்த ஒரே ஆள் டிரைவர் ஏழுமலை. அந்தக் கார் திருக்கழுக்குன்றம் சாலையில் நடுவழியில் நிற்கத் தொடங்கியது. மேனேஜர் ஏழுமலையிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை நின்றால் காருக்குள் மண்ணைக் கொட்டிக் குரோட்டன்ஸ் வைத்துவிடுவேன், நீ சமையலறையில் தட்டு கழுவப் போகலாம்.

கார் எங்களிடம் வந்ததும் பஷீர் பாய் கார்புரேட்டரைத் திறந்தார். உள்ளே அரக்கு பூசிய தக்கை மிதவை. பெட்ரோலில் ஆல்கஹால் கலக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும். காவல் போனதும் தக்கை வயிறு முட்டக் குடித்துவிட்டு அடியில் படுத்திருந்தது. இதைச் சொன்னதும் ஏழுமலை தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “எனுக்குக் குடிக்கிற பயக்கமே இல்ல மேடம். என் வண்டி குடிச்சிட்டு நடுரோட்ல கெடக்குது, ஊரே என்னப் பாத்து சிரிக்குது.”

வலை மிதவை

மறுமுறை ஏழுமலையே ஒரு தீர்வோடு வந்தார். அவர் மச்சான் மீன்பிடிக்கிறவர். வலையில் கட்டும் வெள்ளை மிதவை ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். பேசினில் போட்டுப் பார்த்தோம். வாத்து மாதிரி கம்பீரமாக உட்கார்ந்தது. மூன்று பேரும் சிரித்தோம். பேசினில் இருந்தது தண்ணீர் என்பது மூவருக்குமே தோன்றவில்லை.

செதுக்கிப் பொருத்தினோம். பெட்ரோல் பட்டதும் புளித்த மாவு போல உப்பி, கிண்ணத்தின் சுவரைக் கட்டிக்கொண்டு விட மறுத்தது. ஸ்க்ரூடிரைவரால் நோண்டி நோண்டி எடுத்தார் பாய். நல்ல காலம், கார் கடை வாசலைத் தாண்டவில்லை, செய்தி மேனேஜர் காதுக்கும் போகவில்லை. ஏழுமலை போனில் போட்ட சத்தத்தில் மச்சான் பஸ் பிடித்தே வந்துவிட்டார். உருக்குலைந்த மிதவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்க கடல்ல தண்ணிதான் கீது மச்சான். அதுல பெட்ரோல் இல்லன்னா அதுக்கு நான் இன்னா பண்றது?”

கறுப்பு நுரை

அணு ஆராய்ச்சியில் வேலை பார்த்த வாடிக்கையாளர் ஒருவர், இதற்கென்றே செய்தது என்று சொல்லி, கறுப்பாக ஒரு நுரைத் துண்டு தந்தார். பெட்ரோலுக்கு அசையாதாம். அதை வெட்டிப் பொருத்தினோம். மழைக்காலம் முழுக்கக் கார் ஓடியது. ஏழுமலை எனக்கு ஒரு பை நிறைய நண்டு கொண்டுவந்து கொடுத்தார்.

நான் சந்தேகப் பிராணி. பொருத்துவதற்கு முன் அந்த நுரையைக் கடைத்தெருவில் ஒரு நகைக்கடைக்காரரின் தராசில் நிறுத்து வைத்திருந்தேன். மழை விட்டதும் கழற்றிக்கொண்டு மறுபடி போனேன். எடை கூடியிருந்தது. சத்தம் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்கிறது. வெளியில் தெரியாமல் குடிப்பவர்கள்தான் திடீரென்று ஒருநாள் விழுவார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நகைக்கடைக்காரர் தராசையே ஏக்கமாகப் பார்த்துச் சொன்னார்: “தங்கம் இந்த மாதிரி தானா ஏறிச்சின்னா, நான் ஏம்மா கடை வச்சிகினு லோல் படறேன்?”

பித்தளை

“பித்தளதான் மேடம்,” என்று பாய் முதலிலிருந்தே முனகிக்கொண்டிருந்தார். மெல்லிய தகட்டில் இரண்டு பாதி தட்டி, நடுவில் காற்றை மட்டும் வைத்து மூட வேண்டும். பற்றவைக்கும் ஈயம் கூடினால் எடையில் மூழ்கும், குறைந்தால் ஒழுகி மூழ்கும். செய்து முடித்ததும் சுடுநீரில் அமுக்கிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் எங்கோ ஓட்டை.

முதலில் செய்ததில் குமிழி வந்தது. அடுத்ததிலும் வந்தது. அதற்கடுத்ததை அமுக்கும்போது ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் சும்மா இருந்தது. அந்த மௌனத்தைப் போல இனிய ஓசையை நான் கேட்டதில்லை. எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். பாய் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நாம மூணு பேரும் மவுத்தான பின்னாடியும் இது மெதந்துகினு இருக்கும் மேடம்.”

நிற்காத கார்

கார் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. ஆனால் ஏழுமலை தொங்கிய முகத்தோடு வந்து நின்றார். விருந்தினர் யாரும் இப்போது அந்தக் காரைக் கேட்பதில்லையாம். முன்பு கார் நின்றதும் வெள்ளைக்காரர்கள் இறங்கி, சட்டைக் கையைச் சுருட்டி, சிரித்துக்கொண்டே தள்ளி, போட்டோ எடுத்து, இளநீர் குடிப்பார்கள். ஊருக்குப் போய்ச் சொல்ல அவர்களுக்கு அதுதான் கதை. இப்போது அது ஏசி இல்லாத வாடகைக் கார், அவ்வளவுதான். மேனேஜர் மறுபடி குரோட்டன்ஸ் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். “பழைய தக்கையே போட்டுடுங்க மேடம்,” என்று ஏழுமலை கெஞ்சினார். பாய் கோபத்தில் ஸ்பேனரோடு எழுந்துவிட்டார்.

பாயை உட்காரவைத்து, டிரைவர் கைக்கு எட்டுகிற இடத்தில் பெட்ரோல் குழாய்க்குத் திறந்து மூட ஒரு திருகு வைக்கச் சொன்னேன். தன் பித்தளைக்கு இப்படி ஒரு கதியா என்று திட்டிக்கொண்டேதான் வைத்தார். ஐந்து ரதத்துக்குச் சற்று முன்னால் திருகை மூடினால், கிண்ணத்தில் இருப்பதைக் குடித்துவிட்டுக் கார் இளநீர் வண்டியருகே மரியாதையாக நிற்கும். தள்ளி முடித்ததும் திறந்துவிட்டால் கிளம்பிவிடும். விருந்தினர் மறுபடி அந்தக் காரையே கேட்கத் தொடங்கினார்கள். ஏழுமலை அடுத்த வாரம் தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு வந்தார்: “அவங்க தள்றாங்கோ, நான் உள்ள ராஜா கணக்கா குந்திகினு கீறேன். மேனேஜரே நேத்து எறங்கித் தள்னாரு மேடம்!”

நீடித்து உழைக்கும் மிதவையை எப்பாடுபட்டாவது செய்துவிடலாம், அது நீடித்து உழைக்க வேண்டுமென்று ஆசைப்படும் வாடிக்கையாளரைத்தான் எந்தத் தகட்டிலும் தட்டி எடுக்க முடிவதில்லை.